போகும்போது மலை வலப்பக்கம்

நெல்லைச் சீமையில் முப்பது வருடம் அரசு கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பத்திரிகையில் மாடு, ஆடு, கோழி பற்றித்தான் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு மாறுதலுக்காக, நான்கு வழிச் சாலையை விட்டிறங்கி ஊர்ச் சாலைகளில் கார் ஓட்டுவதில் எனக்கு உள்ள பைத்தியத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். மடிநோய்க்கு வந்ததைவிட அதிகக் கடிதங்கள் இதற்கு வந்துவிட்டன. ஆகவே இந்த மாதம் மாடுகளுக்கு விடுமுறை. (முழு விடுமுறை இல்லை. நடுவில் சாலையைக் கடக்க வருவார்கள்.)

நான்கு வழிச் சாலையில் இரண்டு மணி நேரத்தில் போகிற ஊருக்கு நாலு மணி நேரம் சுற்றிப் போகச் சொல்கிறீர்கள். பெட்ரோல் விற்கிற விலையில் இது தேவையா டாக்டரம்மா?
– வாசகர், திருப்பூர்

தேவையில்லை தம்பி. முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, ஆஸ்பத்திரியில் ஒருவரைச் சேர்த்திருக்கிறார்கள் என்றால் நானும் சுங்கச்சாவடியில் காசைக் கட்டிவிட்டு நான்கு வழியில்தான் பறப்பேன். ஊர்ச் சாலை என்பது வேலை இல்லாத நாளுக்கு.

பெட்ரோல் கணக்கு மட்டும் நீங்கள் நினைப்பது போல இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். என் காருக்கு வயது பதினான்கு. நூறில் விரட்டினால் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தருவதற்கே முனகுகிறது. ஐம்பது, அறுபதில் போனால் பதினெட்டு தருகிறது. சுற்றிப் போகிற தூரத்தில் பாதி அதிலேயே கழிந்துவிடும். மீதிப் பாதி சுங்கக் கட்டணத்தில்.

ஆனால் நான் போவது அதற்காக இல்லை. ஒரு தடவை நாங்குநேரிப் பக்கம் நான்கு வழியில் போய்க்கொண்டிருந்தோம். வலது பக்கக் குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள், எண்ணி முடியாது, அத்தனை. தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைத் தட்டி எழுப்பி, அவர் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் குளம் இரண்டு கிலோமீட்டர் பின்னால் போய்விட்டது. பின்னால் லாரி, பக்கத்தில் பஸ், ஓரத்தில் இரும்புத் தடுப்பு. நிறுத்தவே முடியாது. திரும்ப வேண்டுமென்றால் அடுத்த திருப்பம் வரைக்கும் போக வேண்டும். "நாரையா? எங்கே?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடியும் தூங்கிவிட்டார்.

ஊர்ச் சாலையில் நினைத்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இன்ஜினை அணைத்தால் முதலில் ஒன்றும் கேட்காது. அரை நிமிடம் கழித்து வாய்க்கால் ஓடுவது கேட்கும், எங்கோ ஒரு பம்புசெட், அப்புறம் ஒரு குயில். இயற்கைக் காட்சி எல்லாச் சாலையிலும் இருக்கிறது. அதன் பக்கத்தில் நிற்க விடுகிற சாலைதான் குறைந்துகொண்டு வருகிறது.

உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு சாலையைச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்? எங்கே திரும்ப வேண்டும், எங்கே சாப்பிட வேண்டும் என்று விவரமாக எழுதினால் நல்லது.
– வாசகி, தாம்பரம்

தென்காசியிலிருந்து நாகர்கோவில், மலையடிவாரமாக. யோசிக்கவே வேண்டாம்.

தென்காசியில் யாரைக் கேட்டாலும் திருநெல்வேலி போய் நான்கு வழியைப் பிடிக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, களக்காடு, திருக்குறுங்குடி, பணகுடி, ஆரல்வாய்மொழி. பெயர்களை இந்த வரிசையில் ஒரு தாளில் எழுதி முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். நிறுத்தாமல் போனால் மூன்று மணி நேரம்கூட ஆகாது. எனக்கு ஒருமுறைகூட ஆறு மணி நேரத்துக்குள் முடிந்ததில்லை.

தெற்கே போகும்போது மேற்குத் தொடர்ச்சி மலை வலப்பக்கம். நம் ஊர் வண்டியில் ஓட்டுநர் இருக்கையும் வலப்பக்கம். ஆகவே போகும்போது மலை ஓட்டுகிறவருக்கு, திரும்பி வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு. எங்கள் வீட்டில் இதை வைத்தே பல வருடமாகச் சண்டை இல்லாமல் ஓடுகிறது. போகும்போது நான் ஓட்டுவேன், வரும்போது அவர் ஓட்டுவார். இரண்டு தடவையும் மலை எனக்குத்தான் என்பதை அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

காலை ஆறு மணிக்குத் தென்காசியை விட்டுவிடுங்கள். அந்த நேரத்து வெயில் கிழக்கிலிருந்து மலையின் முகத்தில் நேராக விழும். ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் மலை வெளிறிப்போய், ஒட்டிவைத்த காகிதம் மாதிரி ஆகிவிடும். மாலையில் நீல நிழல்தான்.

கடையத்தில் முதல் நிறுத்தம். பாரதியாரின் மனைவி செல்லம்மா பிறந்த ஊர். 1918 கடைசியில் புதுச்சேரியிலிருந்து வந்து கைதாகி, சிறையிலிருந்து விடுதலையான பிறகு பாரதி சுமார் இரண்டு வருடம் இங்கேதான் இருந்தார். ஊரைத் தாண்டி மலை ஓரமாக நித்யகல்யாணி அம்மன் கோயில். கும்பிடுகிறவர்கள் கும்பிடலாம், கும்பிடாதவர்கள் சும்மா உட்காரலாம். காற்று இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே தாமிரபரணிப் பாலம். பாலத்தின் மேல் நிறுத்தாதீர்கள். தாண்டி ஓரமாக விட்டுவிட்டு நடந்து வந்து பாருங்கள். காலையில் குளிக்கிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், கரையில் மருத மரங்கள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்காமல் தாண்டினால் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள் என்றாலும் மனசு கேட்காது. காலைச் சாப்பாட்டை அம்பாசமுத்திரத்திலேயே முடித்துவிடுங்கள். எந்தக் கடை என்று பெயர் சொல்ல மாட்டேன். கடை வாசலில் பால்காரர்களின் சைக்கிள் நிற்கிறதா என்று பாருங்கள். நாலு மணிக்கே எழுந்தவர்கள் ஆறின இட்லி சாப்பிட மாட்டார்கள்.

சேரன்மகாதேவி வரும்போது மலை கொஞ்சம் கோபித்துக்கொண்டதுபோல விலகிப் போகும். பயப்படாதீர்கள், திரும்பி வரும். இங்கே தெற்கே களக்காட்டுச் சாலையில் திரும்ப வேண்டும். திரும்பாமல் நேராகச் சில கிலோமீட்டர் போனால் பத்தமடை. கோரையைத் தண்ணீரில் ஊறவைத்து, கீறி, நூலாக்கி நெய்கிறார்கள். நயமான பட்டுப்பாயைத் துணி மாதிரி மடிக்கலாம். நான் வாங்கியது சாதாரணப் பாய்தான். அது காரில் இருக்கிறது, அதன் கதை கடைசியில்.

களக்காட்டுக்கு முன்னாலேயே மலை மறுபடி வந்துவிடும். இந்தத் தடவை கிட்டத்தில். இந்த வட்டாரமே வாழை. இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு, தலைக்கு மேலே மலை. மேலே இருப்பது களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988இல் அறிவித்தது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். சாலையில் புலி வராது. காட்டுப்பன்றி வரும். வாழைக்காரர்களிடம் அதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் மதியம் வரை நகர முடியாது, எனக்கு அனுபவம்.

திருக்குறுங்குடியில் நம்பி கோயில். கார்த்திகை மாதம் கைசிக ஏகாதசி இரவில் இங்கே கைசிக நாடகம் நடக்கும். சிற்பங்களைப் பார்க்கவே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சாலையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பஸ் விட்டுத் தொழிலைத் தொடங்கி டி.வி.எஸ். நிறுவனத்தை உருவாக்கிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் பிறந்தது இந்த ஊரில்தான்.

பணகுடியில் நான்கு வழியில் ஏறித்தான் ஆக வேண்டும். அங்கிருந்து ஆரல்வாய்மொழி கணவாய். சுற்றிலும் காற்றாலைகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறீர்கள் என்றால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். பக்கத்தில் போகிற லாரி காற்றை மறைக்கும். லாரியைத் தாண்டிய நொடியில் சின்னக் காரை ஒரு தள்ளுத் தள்ளும். முதல் தடவை டயர் வெடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

எப்போது போவது? தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். ஜூலை, ஆகஸ்டில் கார் நெல் பச்சையாக நிற்கும், மலையில் சாரல் மேகம் இருக்கும். டிசம்பர் கடைசி, ஜனவரியில் பிசானப் பச்சை, குளமெல்லாம் நிறைந்திருக்கும். எனக்கு ஜனவரி. ஏப்ரல், மே மாதம் வந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

மைல்கற்களின் தலையில் விதவிதமான நிறம் இருக்கிறதே, அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?
– பள்ளி ஆசிரியர், பெரம்பலூர்

உண்டு சார். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை மாநில நெடுஞ்சாலை. கறுப்போ நீலமோ இருந்தால் மாவட்டச் சாலை. ஆரஞ்சு கிராமச் சாலை. நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில் மாவட்டச் சாலையிலும் முக்கிய சாலை, இதர சாலை என்று பிரிவு உண்டு. எனக்குப் பிடித்த சாலைகள் எல்லாம் இந்த "இதர"வில் அடங்கிவிடும். பணியில் இருந்தபோது நானும் பல பட்டியல்களில் இதரவாகத்தான் இருந்தேன், ஆகவே ஒரு பாசம்.

மஞ்சளைப் பார்த்தால் அறுபதுக்கு மேல், பச்சையில் அறுபது, கறுப்பில் ஐம்பது, ஆரஞ்சில் எதிரில் யார் வந்தாலும் நின்று வழிவிடும் வேகம். இது சட்டம் இல்லை, என் கணக்கு.

மனைவி, நாயோடு வால்பாறை போக ஆசை. ஆனால் கொண்டை ஊசி வளைவு என்றால் எனக்குக் கை நடுங்குகிறது, மனைவிக்கு வாந்தி வருகிறது. தைரியம் சொல்லுங்கள்.
– வாசகர், கோவை

தைரியம் வேண்டாம், கியர் போதும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருப்பார்கள். கொல்லிமலைக்கு 70. அதோடு பார்த்தால் வால்பாறைச் சாலை அகலம்.

ஏறுவது பெரிய விஷயமே இல்லை. இறங்கும்போதுதான் கவனம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. வண்டியை இன்ஜின் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காது. தீய்ந்த நாற்றம் வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, இன்ஜினையும் அணைத்து இறங்குகிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். இன்ஜின் அணைந்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும் என்பது வளைவில்தான் அவர்களுக்குத் தெரியவரும்.

அகலம் பற்றாத மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்கு முதலிடம். இது பண்பாடு மட்டும் இல்லை, 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளிலும் இருக்கிறது. பஸ் வருகிறது என்றால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள். அதற்கு முழு வளைவும் வேண்டும். அந்த ஓட்டுநர் ஒரு நாளில் எத்தனை தடவை அதே வளைவைத் திருப்புகிறார் என்று பாருங்கள், உங்கள் நடுக்கம் போய்விடும்.

உங்கள் மனைவியை முன் இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். செல்பேசி கூடாது, பார்வை தூரத்தில் இருக்கட்டும். வெறும் வயிறும் கூடாது, இரண்டு இட்லி. நாய்க்கு நேர்மாறு: கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுக்கலாம். இதை மாற்றிச் செய்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

ஒன்பதாவது வளைவில் இறங்கிப் பாருங்கள். ஆழியாறு அணை முழுதாகக் கீழே தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் வரையாடும். நம் மாநில விலங்கை இவ்வளவு கிட்டத்தில், காசு கொடுக்காமல் பார்க்கிற இடம் அதிகம் இல்லை. குரங்குக்கு மட்டும் எதுவும் போடாதீர்கள். காரிலிருந்து பிஸ்கட் விழும் என்று பழகிய குரங்கு சாலையிலேயே வாழ ஆரம்பிக்கும், சாலையிலேயே சாகும். வால்பாறைக்குள் புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள், சிங்கவால் குரங்கு என்பார்களே அவை, சாலையைக் கடக்க மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். தலையை நிமிர்த்திப் பாருங்கள். வண்டியை நிறுத்திவிட்டு.

ஊர்ச் சாலையில் போனால் பாதிச் சாலையில் தானியம் காய்கிறது, மீதியில் ஆடு மாடு நிற்கிறது. ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள். எப்படித்தான் ஓட்டுவது?
– வாசகர், ஓசூர்

அப்பாடா, என் பாடம் வந்துவிட்டது.

முதலில் தானியம். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் பக்கம் தை, மாசியில் போனால் உளுந்தும் எள்ளும் சோளமும் சாலையில் கிடக்கும். களம் இல்லாதவர்களுக்கு நம் கார்ச் சக்கரம்தான் கதிரடிக்கும் இயந்திரம். சாலையில் போடக் கூடாதுதான். இருசக்கர வண்டி வழுக்கி விழுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டியிடம் சட்டம் பேசி எனக்கு என்ன கிடைக்கப் போகிறது? மெதுவாகப் போங்கள், அதன் மேல் பிரேக் போடாதீர்கள். காய்ந்த செடித் தட்டை குவியலாக இருந்தால் சுற்றிப் போங்கள். தட்டை அச்சில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்ஸரில் பட்டால் தீப்பிடிக்கும். தாண்டிய பிறகு ஒருமுறை இறங்கி வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். இடுப்பு வலிதான், ஆனால் பாருங்கள்.

இனி நம் ஆட்கள். செம்மறி கூட்டமாக வந்தால், ஒன்று கடந்துவிட்டது என்றால் மற்றவையும் கடந்தே தீரும். நடுவில் புகுந்து பிரிக்க நினைக்காதீர்கள். ஆடு மேய்க்கும் கீதாரி கையைக் காட்டும் வரை நில்லுங்கள். வெள்ளாடு அப்படி இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்சி. எருமை நேரே போகும், நடுவழியில் மனசு மாறாது. அதன் வாலுக்குப் பின்னால் தாராளமாகப் போகலாம். பசு பாதி கடந்து, ஏதோ ஞாபகம் வந்ததுபோலத் திரும்பும். வாலுக்குப் பின்னாலும் இடைவெளி விடுங்கள்.

இதை மட்டும் மறக்காதீர்கள்: தாய் ஒரு ஓரத்தில், கன்று மறு ஓரத்தில் நிற்கிறது என்றால் வண்டியை முழுதாக நிறுத்துங்கள். இரண்டில் ஒன்று கண்டிப்பாக ஓடி வரும். எது என்று முப்பது வருடம் பார்த்த எனக்கே சொல்லத் தெரியாது.

சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை மேய்ச்சல் முடிந்து வீடு திரும்பும் நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தை டீக்கடையில் கழிப்பது நல்லது. இருட்டிய பிறகு முகத்தில் பெரிய விளக்கு அடித்தால் மாடு நகராது, திகைத்து நிற்கும். விளக்கைத் தாழ்த்துங்கள். ஹாரன் வேண்டவே வேண்டாம், சினை மாடு மிரண்டு பள்ளத்தில் விழுந்து நான் ஓடிப்போன ராத்திரிகள் உண்டு. எல்லாம் மீறி ஏதாவது அடிபட்டுவிட்டால் விட்டுவிட்டு ஓடாதீர்கள். 1962க்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது.

செல்பேசி வரைபடத்தை நம்பி வயலுக்குள் போய் மாட்டிக்கொண்டேன். உங்களுக்கு இப்படி ஆனதுண்டா?
– கல்லூரி மாணவர், மதுரை

ஆனதுண்டாவா! முக்கூடல் பக்கம் ஒரு குளத்துக் கரையில் கொண்டுபோய் விட்டது. கரை மேலே கார் அளவுக்கே பாதை. இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் பத்தடிப் பள்ளத்தில் வயல். அரைக் கிலோமீட்டர் போன பிறகு எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர். டிராக்டர்காரர் இறங்கி வந்து என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா இப்பிடி வந்துட்டீய? இதுல பஸ்ஸு வராதே!" என்றார்.

அன்றைக்குப் படித்த பாடம் அதுதான். தெரியாத சாலையில் திரும்பும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதுல மினி பஸ் வருமா?" வரும் என்றால் காரும் போகும், எதிரே வந்தாலும் ஒதுங்க இடம் இருக்கும். வழி எங்கே போகும் என்று கேட்டால் நம் ஆட்கள் இல்லை என்றே சொல்ல மாட்டார்கள். எல்லா வழியும் எங்கேயாவது போகத்தானே செய்யும்.

அந்த அரைக் கிலோமீட்டரையும் ரிவர்ஸில் வந்தேன். டிராக்டர்காரர் முன்னால் நடந்து, கையைக் காட்டிக்காட்டிக் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் அன்றைக்குத் தூங்கவில்லை.

ஊட்டி, கொடைக்கானலுக்குப் பின்வழியாகப் போனால் இ-பாஸ் வேண்டாமாமே?
– வாசகர், சேலம்

வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த வழியாகப் போனாலும் வேண்டும். இணையத்தில் பதிய ஐந்து நிமிடம் ஆகாது. சோதனைச் சாவடியை ஏய்ப்பதற்காக ஊர்ச் சாலையில் போகிறவர்களுக்கு இந்தப் பகுதியில் இடம் இல்லை.

எனக்கு 54 வயது. கணவர் தவறிய பிறகுதான் கார் ஓட்டக் கற்றேன். தனியாக ஒரு நாள் எங்காவது போய்வர ஆசை. மகன் "வேண்டாம்மா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்கிறான். இரண்டு வருடமாக அதைத்தான் சொல்கிறான்.
– வாசகி, திருச்சி

உங்கள் கடைசி வரியை மூன்று தடவை படித்தேன் அம்மா.

நான் கார் கற்றதும் 41 வயதில்தான். அப்போது ஒரு கிராம மருந்தகத்தில் வேலை. சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகளைத் திரவ நைட்ரஜன் குடுவையில், மைனஸ் 196 டிகிரியில் வைத்திருப்போம். அதை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தி, முழங்காலால் அணைத்துக்கொண்டு போவேன். ஒரு ஐப்பசி மழையில் வாய்க்கால் ஓரம் ஸ்கூட்டர் சறுக்கியது. நான் விழுந்தேன், குடுவையை விழவிடவில்லை. முட்டியில் இன்னும் தழும்பு இருக்கிறது. அடுத்த வாரமே பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் "இவ்வளவு மெதுவா ஓட்டினா கியர் எதுக்கும்மா?" என்பார். குடுவை பக்கத்து இருக்கையில் இருக்கும்போது வேகம் எப்படி வரும்? அந்தப் பழக்கம்தான் ஊர்ச் சாலையில் இன்றுவரை அறுபதைத் தாண்ட விடவில்லை.

உங்களுக்கு ஊரிலேயே ஒரு நல்ல சாலை இருக்கிறது. திருச்சியிலிருந்து காவிரித் தென்கரையோடு கல்லணை. அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு. சில இடங்களில் குறுகல், ஒரு பக்கம் சரிவு, ஆகவே காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள், வார நாளில். கல்லணையில் இறங்கிக் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பாருங்கள். ஆடி, ஆவணி என்றால் ஆறு நிறையப் போகும். திருவையாற்றில் ஐயாறப்பரைப் பார்த்துவிட்டு அசோகா அல்வா சாப்பிடுங்கள். மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.

நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்குப் பெரிய பிரச்சினை பஞ்சரோ திருடனோ இல்லை, கழிப்பறை. பெட்ரோல் பங்கில் பெட்ரோல் போட்டாலும் போடாவிட்டாலும் கேளுங்கள், சங்கடப்படாதீர்கள். நான் பாதி டேங்கில் எப்போதும் நிரப்புவதற்கு அதுதான் காரணம். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் மட்டும் ஓட்டாதீர்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். சக்கரம் மாற்றத் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஜாக்கி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மாற்றித்தர ஆள் வந்துவிடும்.

மகனிடம் கேட்க வேண்டாம். கல்லணையிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

உங்கள் கார் டிக்கியில் எப்போதும் என்னென்ன இருக்கும்?
– வாசகர், காரைக்குடி

ஐந்து லிட்டர் தண்ணீர், டார்ச், டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்பு, பழைய செய்தித்தாள், ஒரு அரிவாள் (மாட்டுக்குத் தழை வெட்டிப் பழகிய கை), பத்தமடைப் பாய். பாயை மர நிழலில் விரிப்பது என் திட்டம். ஆனால் வண்டி நின்றதும் அதை எடுத்துக்கொண்டு போய்ப் படுப்பது வீட்டுக்காரர்.

அப்புறம் ஒரு வடக்கயிறு. மாட்டைச் சாய்த்துக் கட்ட வைத்திருந்தது, முப்பது அடி. ஓய்வு பெற்ற அன்றைக்கு எல்லாச் சாமானையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினேன். கயிறு என் சொந்தக் காசில் வாங்கியது, அதனால் என்னோடு வந்துவிட்டது. போன தையில் களக்காடு தாண்டி ஒரு கல்யாணக் கார் வாழைத்தோட்ட வாய்க்காலில் முன் சக்கரத்தை இறக்கிவிட்டு நின்றது. உள்ளே மாப்பிள்ளை. டிராக்டர் வந்துவிட்டது, கட்டி இழுக்கத்தான் ஒன்றும் இல்லை. என் கயிற்றைக் கொடுத்தேன். இழுத்து முடித்ததும் சுருட்டித் திருப்பித் தந்த பையன், "எதுக்கும்மா கார்ல இவ்ளோ பெரிய கயிறு?" என்று கேட்டான். சொன்னேன். அவன் திரும்பி மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தான்.